சொல்லாமல் கிளம்புவது

ஒரே ஒரு தள்ளு போதும். தடுப்புக் கம்பி இல்லாத இடமாகப் பார்த்துத் தள்ளினால் நேராக ஆற்றுக்குள்தான் விழுவான். கம்பி இல்லாத இடத்துக்கு இந்த நடைபாதையில் குறைவே இல்லை, போட்டு முடித்த கொஞ்ச நாளிலேயே பாதிக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கீழே நொய்யலில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது, ஆனால் கரைச்சுவர் நல்ல உயரம், அடியில் வீடு இடித்த கட்டிகளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள், தலை அதில் பட்டால் பிழைக்க மாட்டான். இப்படி நினைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். பக்கத்தில் லோகு வருகிறான். நான் பெற்ற பிள்ளை, ஒரே பிள்ளை. என் முழங்கையை இரண்டு விரலால் பிடித்திருக்கிறான். இங்கே கல் ஆடுகிறது பார்த்து வை என்கிறான், நாய் படுத்திருக்கிறது சுற்றி வா என்கிறான். எவ்வளவு பதமாகப் பிடிக்கிறான், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. இதே விரல்கள்தான், இதோடு ஒட்டிய உள்ளங்கைதான், நேற்று சாயங்காலம் என் மருமகள் மேகலாவின் இடது காதில் விழுந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். முதலில் ஏதோ பலகை விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் சத்தமே போடவில்லை. அவன் குரல்தான் கேட்டது, கத்தக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னான், "கேக்காத காது உனக்கு எதுக்குடி?" விஷயம் இவ்வளவுதான்: அவள் தன் ஸ்கூட்டியை வாசலில் குறுக்காக நிறுத்தியிருந்தாள், இவன் காரில் வந்து ஹாரன் அடித்தான், அவள் மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. காலையில் அவள் தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது பார்த்தேன், ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது. பனியன் கம்பெனியில் பாதி ஆயுசு செக்கிங் பார்த்தவள் நான், எந்தத் துணியில் எது கறை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அவள் சோப்பைப் போட்டுக் கசக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் வலது பக்கமாகப் போய் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

எனக்கு இன்று ஒரே ஒரு வேலைதான். இவனை வீட்டுக்குத் திரும்ப விடக்கூடாது. மேகலாவின் அப்பா செல்லமுத்து காங்கயத்திலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறார், அல்லது வந்துவிட்டார், அல்லது இன்னும் கிளம்பவே இல்லை, எனக்கு எப்படித் தெரியும். நான்தான் வரச்சொன்னேன். விடிந்ததும் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு போன் பண்ணினேன். வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள், இவன் வீட்டில் இருக்க மாட்டான், ஆற்றோரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், நாங்கள் திரும்புவதற்குள் அவள் கார் ஏறியிருக்க வேண்டும் என்றேன். சரிங்க சம்பந்தியம்மா, ஆகட்டுங்க சம்பந்தியம்மா என்றார். அந்த மனுஷனுக்கு அதைத் தவிர வேறு பேச்சு வராது. வழியில் பழம் வாங்க நிற்காதீர்கள் என்றும் சொன்னேன், ஏனென்றால் அவர் நிற்பார். மூன்று தடவை மேகலா அடிபட்டு ஊருக்குப் போனாள், மூன்று தடவையும் அவரே திரும்பக் கொண்டுவந்து விட்டார், ஒவ்வொரு தடவையும் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிய தட்டோடு, தப்புச் செய்தது அவர் பெண் என்கிற மாதிரி. நாற்காலியின் நுனியில் உட்காருவார். அவர் வயதில் பாதிதான் இருக்கும் என் மகனுக்கு, அவனை மாப்பிள்ளைங்க மாப்பிள்ளைங்க என்பார். ஏதோ கோபத்தில் ஒரு அடி அடித்திருப்பார், அதைப் போய்ப் பெரிசு பண்ண வேண்டாம் என்பார். இவனும் எழுந்து நின்று மாமா சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போடச் சொல்லுவான். அவர் சாப்பிடுவார். அவள் பரிமாறுவாள். இந்தத் தடவை அவள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பிணமாகத்தான் இந்த வீட்டை விட்டுப் போவாள். இதை எப்படிச் சொல்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. முதலில் முதுகில் அடித்தான், அப்புறம் தோளில், அப்புறம் கழுத்தைப் பிடித்தான், இப்போது காது. மேலே ஏறிக்கொண்டே வருகிறது, இனி ஏற என்ன இருக்கிறது.

என் போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கையில் இருந்து அது அடித்தால் இவன்தான் எடுத்துக் கொடுப்பான், பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கால் மரத்துப் போகிறது, தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது, கூட வாடா என்றேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டான். குனிந்து என் செருப்பு வாரைச் சரி பண்ணினான். ஊரில் யாரைக் கேட்டாலும் லோகநாதன் மாதிரி பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள். எதிரே வருகிற அத்தனை பேரும் வணக்கம் வைக்கிறார்கள். டிராக் பேண்ட் போட்ட ஒரு அம்மாள், யாரோ தெரியவில்லை, நின்று, அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் இந்தக் காலத்தில் ஏது என்கிறாள். கண் கலங்காத குறை. அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருக்கிறது, பாவம், அவள் என்ன செய்தாள். நான் சிரித்தேன். என் வாய் பாட்டுக்குச் சிரிக்கிறது. முதல் பாலத்துக்குக் கீழே ஒருவன் வலை வீசி ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். மாட்டிய மீனை வாலைப் பிடித்துத் தூக்குகிறான், சிமெண்டுத் திண்டில் ஒரு அடி, பைக்குள் போடுகிறான், அடுத்தது, ஒரு அடி. வாயில் பீடி. லோகு நின்றுவிட்டான். "உனக்கு மீன் புடிக்குமேம்மா, வாங்கட்டுமா? மேகலா கொழம்பு வெப்பா." மீன்காரனோடு விலை பேசிக்கொண்டு நின்றால் கொஞ்சம் நேரம் ஓடுமே என்று சந்தோஷப்பட்டு நானும் படியில் இரண்டு அடி இறங்கிவிட்டேன், அதற்கப்புறம்தான் உறைத்தது, மீன் வாங்கினால் கெட்டுப் போகும் முன்னே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் தண்ணீரில் வளர்கிற மீனைத் தின்று நான் சாகணுமா என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே மேலே ஏற்றிவிட்டான். முதுகுக்குப் பின்னால் அந்த அடி தொடர்ந்து கேட்கிறது. காதைப் பொத்திக்கொள்ளலாம், ஆனால் என் ஒரு கை இவனிடம் அல்லவா இருக்கிறது.

இவன் அப்பாவின் கை இதைவிடப் பெரிது. பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை. அவருக்கு அடிக்கக் காரணமே வேண்டியதில்லை, வேலை இருந்தாலும் அடி, வேலை இல்லாவிட்டாலும் அடி. மிஷினுக்குப் போடுகிற பழைய பெல்ட் ஒன்று ஆணியில் தொங்கும், அதை எடுக்கிற சத்தம் கேட்டாலே எனக்குச் சிறுநீர் பிரிந்துவிடும். ஒரு நாள் என் முடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். லோகு, அப்போது மூன்றாவது படிக்கிறான், ஓடி வந்து அவர் கையைக் கடித்தான். சும்மா கடி இல்லை, பல் எலும்பில் பட்டிருக்க வேண்டும். அவர் உதறுகிறார், இவன் விடவில்லை, தூக்கி எறிந்தார், கட்டிங் முடித்து வைத்திருந்த துணி மூட்டைமேல் போய் விழுந்தான், வாயெல்லாம் ரத்தம், அவருடைய ரத்தம். விழுந்த இடத்திலிருந்து என்னைப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டான். அவன்தான் இவன். இந்தக் கணக்குதான் எனக்கு எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பிள்ளை எந்த நாளில் இறங்கிப் போனான், இவன் எந்த நாளில் ஏறி உட்கார்ந்தான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று. அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது அந்தக் கையை நான்தான் துடைத்துவிடுவேன். கடித்த தடம் அப்படியே இருந்தது, அரைவட்டமாக. அந்தத் தடத்திலேயே என் நகத்தை வைத்து அழுத்துவேன், தோல் வெளுத்துப் போகும்வரை அழுத்துவேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், ஒன்றும் தெரியாது, உணர்ச்சி செத்த கை. அதில்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வலிக்காத கையை என்ன செய்து என்ன பிரயோஜனம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, இன்றைக்கு அந்தக் கை கிடைத்தாலும் அழுத்துவேன். செத்தவரை விடு. பக்கத்தில் இருக்கிற கை உயிரோடு இருக்கிறது, சூடாக இருக்கிறது, வியர்க்கிறது. கட்டிங் மிஷினில் பிளேடு கீழே இறங்கும்போது இந்தக் கையைத் துணி அடுக்கோடு சேர்த்து வைத்தால் ஒரு நொடிதான். அப்புறம் நானே சோறு ஊட்டிவிடுவேன். ஆயுசுக்கும் ஊட்டிவிடுவேன்.

வட்டமாகக் கல் பதித்த இடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சிரிப்பு மன்றம். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற கனகசபாபதி நடுவில் நின்று கைதட்டுவார், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். வராவிட்டாலும் சிரிக்க வேண்டும், அது நெஞ்சுக்கு நல்லதாம். மற்ற நாளில் நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவேன். இன்று நின்றேன். நாமும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போகலாம் என்றேன். உனக்கு என்னம்மா ஆயிற்று என்று லோகு கூச்சப்பட்டான், ஆனால் கனகசபாபதி பார்த்துவிட்டார், வாங்க வாங்க என்று இரண்டு பேரையும் இழுத்து வட்டத்தில் நிறுத்திவிட்டார். எனக்கு நேர் எதிரே லோகு. கனகசபாபதி கைதட்டினார், எல்லாக் கையும் மேலே போயிற்று, இவன் கையும் போயிற்று. மேலே போய் அங்கேயே நின்றது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை என்னைப் பார்த்துக்கொண்டு. மேகலாவுக்குக் கீழேயிருந்து இப்படித்தான் தெரிந்திருக்குமா, இல்லை, அவள் பார்த்தே இருக்க மாட்டாள், அது பக்கவாட்டில் வந்தது. பல் தெரியச் சிரிக்கிறான். சுற்றிலும் ஹா ஹா, ஹோ ஹோ, ஆற்றங்கரை மரத்திலிருந்து கொக்கெல்லாம் எழுந்து போகின்றன. அங்கே அவள் பீரோவைத் திறந்திருப்பாளா. சர்ட்டிபிகேட்டையும் நகையையும் மட்டும் எடு, துணி கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்ய மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும், தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அப்பாவுக்குக் காபி போடுவாள். அந்தக் காபியைத் தூக்கி அவள் மூஞ்சியில் ஊற்ற வேண்டும், போடி, போய்த் தொலை, ஓடு. எனக்கும் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்துவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கனகசபாபதி என்னைக் காட்டி, இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், சிரிப்பென்றால் இதுதான் சிரிப்பு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். லோகு தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

இரண்டாவது பாலம் தெரிகிறது. எல்லோரும் அங்கே திரும்பிவிடுவார்கள், அதற்கு மேல் கல் பதித்திருக்கிறார்களே தவிர ஆள் நடமாட்டம் குறைவு, இரண்டு பக்கமும் கருவேலம் புதர், கறிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம். அம்மா திரும்பலாம் வா, பசிக்குது என்றான். பசிக்குமே. ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனசு நினைக்கிறது, பாருங்கள் இந்த மனசை, செருப்பால் அடித்தால்கூடத் தேவலை. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றால் சந்தேகம் வரும். கால் இழுக்கிறதுடா, கொஞ்சம் உட்காருகிறேன் என்று பாலத்தை ஒட்டின சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பதறிப்போய் என் முன்னால் முட்டி போட்டான். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு கட்டை விரலால் நீவினான். எங்கேம்மா, இங்கேயா, இங்கேயா என்கிறான். தலை குனிந்திருக்கிறது. உச்சியில் அந்தச் சுழி, பிறந்தபோது முதலில் நான் பார்த்த சுழி, சுற்றிலும் இரண்டு மூன்று நரைமுடி. பெஞ்சுக்குக் கீழே நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடக்கிறது, என் கைக்கு எட்டுகிற தூரம். அந்தச் சுழிமேல் போட்டால். அல்லது இந்தக் காலாலேயே மூஞ்சியில் ஒரு உதை. அவன் நிமிர்ந்து பார்க்கிறான், சின்ன வயதில் சாக்கு ஊசி குத்திக்கொண்டு வந்து நிற்பானே அந்த முகம். எனக்கு இவன்மேல் பாசம் குறையவே இல்லை. இதை யாரிடம் சொல்வது. குறைந்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும், போலீசுக்குப் போயிருப்பேன், சோற்றில் எதையாவது வைத்திருப்பேன். "மேகலா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்கா" என்றான், என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே. "நேத்து தெரியாமப் பட்டிருச்சு. சாயந்திரம் போயி அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தர்லாம்மா. நீ வா, நல்லதாப் பாத்து நீயே எடு." அவள் பீரோவில் மடிப்புக் கலையாத சேலைகள் நிறைய இருக்கின்றன. எந்தச் சேலை எந்த அடிக்கு வந்தது என்று நானே சொல்லிவிடுவேன். ஆகட்டும் என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுடா என்றேன்.

அப்போது அவன் போன் அடித்தது. பையிலிருந்து எடுத்துப் பார்த்து, மாமா கூப்பிடுகிறார் என்றான். என் கால் அவன் தொடைமேல் அப்படியே விறைத்துவிட்டது. இவன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், மிஷின் சத்தத்தில் பேசிப் பேசிப் பழக்கம். போட்டான். "மாப்பிள்ளைங்க, நாந்தானுங்க செல்லமுத்து. நல்லா இருக்கறீங்களாங்க?" அந்தக் குரல். பழத்தட்டை இரண்டு கையாலும் நீட்டுகிற குரல். "ஒண்ணுமில்லீங்க, பாப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தமுங்க. சாமானெல்லாம் வண்டில வெச்சாச்சுங்க. நீங்க இல்லாதப்பப் பாத்து, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பறது மொறை இல்லீங்களே. அதானுங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு…" ஐயோ. ஐயோ என் தெய்வமே. நான் டயர் பஞ்சராகும் என்று பயந்தேன், பழக்கடையில் நிற்பார் என்று பயந்தேன், அவள் பாத்திரம் கழுவுவாள் என்று பயந்தேன். கார் வாசலில் நிற்கிறது, பெட்டி ஏறிவிட்டது, பெண் ஏற வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி, அங்கே வந்து நின்று மரியாதை பார்க்கிறார். அந்த நிமிஷம் லோகு என் கண்ணிலேயே தெரியவில்லை. கையில் கிடைத்தால் செல்லமுத்துவைத்தான் கொன்றிருப்பேன். அந்த வெள்ளை வேட்டியோடு, தோளில் மடித்துப் போட்ட துண்டோடு, அதே துண்டால் கழுத்தை நெரித்திருப்பேன். பெற்ற பெண்ணை எடுத்துக்கொண்டு போகத் திருடனிடம் அனுமதி கேட்கிற மனுஷன். லோகு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, குரலில் தேன் வழிகிறது. "அதுக்கென்னங்க மாமா, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. காப்பி குடிச்சிட்டு இருங்க, பக்கத்துலதான் இருக்கறேன், இதா வந்தர்றேன்." பேசிக்கொண்டே என் பாதத்தைக் கீழே வைத்தான். வைக்கும் முன்னே அவன் விரல்கள் என் கணுக்காலை இறுக்கின இறுக்கில் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. ஆகட்டுங்க மாப்பிள்ளை, இருக்கறமுங்க என்றார் அவர்.

என் கை தானாகத்தான் நீண்டது. போனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். காபி வேண்டாம், எதுவும் வேண்டாம், அவளைக் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள் என்று அதற்குள் கத்தினேன். அந்தப் பக்கம் அவர் திணறுகிறார், மாப்பிள்ளை இருங்கள் என்கிறாரே, அப்புறம் எப்படி, அது நன்றாகவா இருக்கும் என்கிறார். லோகு எழுந்து நின்றான். என்னைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். "நீதான் வரச் சொன்னியா?" என்றான். பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து வாயைத் திறந்தால் பொய்தானே சொல்கிறேன், இன்னும் ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும். ஆனால் அலுத்துவிட்டது. "நாந்தான் சொன்னேன்" என்றேன். "போனக் குடு." கொடுக்கவில்லை. பாலத்தடியில் சிரிப்பு மன்றத்து ஆட்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், கனகசபாபதி எதையோ சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு வருகிறார், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவன் கை தோளுக்குப் பின்னால் போவதும் தெரிந்தது. விலகியிருக்கலாம். அவன் அப்பாவிடம் பழகின உடம்பு இது, அடி வருவதற்கு முன்பே தானாக ஒதுங்கும். ஒதுங்கவில்லை. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: கட் பண்ணிவிடாதே செல்லமுத்து, போனை வைத்துவிடாதே.

வெளியே கேட்கிற சத்தம் இல்லை அது, தலைக்குள்ளே கேட்கிற சத்தம். பெஞ்சிலிருந்து சரிந்து நடைபாதைக் கல்மேல் விழுந்தேன், முட்டி தேய்ந்தது, உதட்டில் உப்புக் கரித்தது. போனை விடவில்லை. குப்புறப் படுத்து அதன்மேல் விழுந்துகிடந்தேன். அவன் என் தோளைப் பிடித்துப் புரட்டப் பார்த்தான், ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கை எடுபட்டுவிட்டது. சுற்றிலும் ஷூக்கள் வந்து நின்றன. வெள்ளை ஷூ, நீல ஷூ, கனகசபாபதியின் தோல் செருப்பு. லோகு, என்னப்பா இது, அம்மாவைப் போய், என்றார் அவர், சாமி வந்தவன் மாதிரி திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரோ என்னைத் தூக்க வந்தார்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் நெஞ்சுக்குக் கீழே செல்லமுத்துவின் குரல் கேட்டது. "சம்பந்தியம்மா? ஏனுங்க, என்ன சத்தமுங்க அது?"

"நீங்க ஒரு அடிதானேன்னு சொல்லுவீங்கல்லங்க" என்றேன். வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பிவிட்டுச் சொன்னேன். "இதானுங்க அது. என்னைய இப்பத்தான் மொதல்தடவை அடிக்கறான். உங்க புள்ளைக்கு நேத்து உழுந்த காது இன்னும் கேக்கலீங்க."

லோகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான், எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை, அம்மா அம்மா என்று முனகிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, பார்த்தால் அவன் முகத்தைத் துடைத்துவிடுவேன். போனை எடுத்து நல்ல காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வைத்துவிட்டாரா என்று பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு கேட்டது. தூரத்தில் மேகலா ஏதோ கேட்டாள், அப்பா யாருப்பா, டம்ளரை மட்டும் கழுவி வெச்சுட்டு வந்தர்றேன் என்கிற மாதிரி. அப்புறம் செல்லமுத்துவின் குரல், ஆனால் அது இதுவரை நான் கேட்ட குரல் இல்லை, ஒரு "ங்க" கிடையாது, ஒரு குழைவு கிடையாது. "போட்டுட்டு ஏறு கண்ணு. ஏறுன்னு சொல்றனல்ல." டம்ளர் எங்கோ உருண்டது. கார்க் கதவு சாத்துகிற சத்தம், இன்னொரு கதவு. வண்டி உறுமிக் கிளம்பி, தெருமுனை வேகத்தடையில் தூக்கிப் போட்டு இறங்கியது. அவர் என்னிடம்கூடப் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.